பற்றுச்சீட்டு

என் வேலை சொற்களைக் கைமாற்றுவது.
சிங்களத்தில் வருவதைத் தமிழில் கொடுப்பேன்,
தமிழில் வருவதைச் சிங்களத்தில்.
இடையில் எனக்கென்று ஒன்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது.
பதினாறு வருடமாய் எடுத்ததில்லை.

இன்று மெற்றில்டாவின் ஆட்கொணர்வு மனு.
இருபத்திமூன்றாம் தவணை.
பாலையூற்றிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து
நீதிமன்ற வாசல் வேம்பின் கீழ் நின்றிருந்தாள்.
புள்ளிமான் ஒன்று அவள் பையை முகர்ந்து
வடை சுற்றிய கடதாசியை இழுத்தது.
"உள்ளுக்க கோப்பு இருக்கு, போ அங்கால" என்று
பிள்ளையை அதட்டுவதுபோல் அதட்டினாள்.

முதலாம் எதிர்மனுதாரர் இன்றுதான் கூண்டேறினார்.
அப்போது முகாம் பொறுப்பதிகாரி, இப்போது ஓய்வு.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், போட்டார், மறுபடி துடைத்தார்.
அன்று சுற்றிவளைப்பு நடந்ததா?
ஞாபகம் இல்லை.
ஐஸ் தொழிற்சாலை வாசலில்
செபமாலை என்பவரைப் பிடித்தீர்களா?
அப்படி ஒருவர் எங்களிடம் இல்லை.

இல்லை.
எத்தனை ஆயிரம் தடவை கைமாற்றிய சொல்!
இன்றைக்குத்தான் அதைப் புரட்டிப் பார்த்தேன்.
காலம் காட்டாத சொல் அது.
நேற்று இல்லையா, இப்போது இல்லையா,
எப்போதுமே இல்லையா, பிடி கொடுக்காது.
சிங்களத்திலும் அப்படித்தான்.
இரண்டு மொழியும் ஒத்துப்போகிற இடம்
இதுவாகவா இருக்க வேண்டும்?

மெற்றில்டாவின் வினைச்சொற்கள் வேறு.
"உங்கள் கணவர் என்ன உயரம் இருந்தார்?"
"ஐந்தடி ஏழு இருக்கிறார்."
"என்ன தொழில் செய்தார்?"
"ஐஸ் உடைக்கிறார். வலக்கையில மூண்டு விரல் மரத்துப்போய்க் கிடக்கு.
தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிச்சாலும் சூடு தெரியாது."
அந்த நிகழ்காலத்தைச் சிந்தாமல் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
தட்டெழுத்தாளர் பழக்கத்தில்
'உடைத்தார்' என்று அடித்துவிட்டார்.
திருத்தச் சொன்னேன்.
நீதிபதி நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

பிறகு அந்தத் துண்டு வந்தது.
பொலித்தீன் உறைக்குள், மடிப்பில் கிழிந்து, மஞ்சளாகி.
லுமாலா சைக்கிள் ஒன்று. கறுப்பு.
பின் கரியர் உண்டு. மணி இல்லை.
திகதி, முகாமின் முத்திரை, சுருண்ட ஒரு கையொப்பம்.
ஆளைப் பிடித்த அன்றே சைக்கிளையும் பிடித்தார்கள்.
ஏழாம் நாள் அவள் போய்க் கேட்டபோது
'ஒப்படைக்கப்பட்டது' என்று குறுக்கே எழுதி
சைக்கிளையும் தந்தார்கள், துண்டையும் தந்தார்கள்.
"ஆளுக்கும் ஒரு துண்டு தாங்கோ எண்டு கேட்டனான் ஐயா.
ஆளுக்குத் துண்டு குடுக்கிற வழக்கம் இல்லையாம்."

கையொப்பம் உங்களுடையதா?
மின்விசிறி மூன்று நான்கு சுற்றுச் சுற்றியது.
என்னுடையது போல இருக்கிறது.
அப்படியானால் சைக்கிளில் வந்தவர் எங்கே?
சைக்கிள் மட்டும் வந்திருக்கலாம்.

பின்வாங்கில் யாரோ சிரித்து, பாதியில் விழுங்கினார்கள்.
நான் அவள் பக்கம் திரும்பி
ஒரு எழுத்துக் குறையாமல் சொன்னேன்:
சைக்கிள் மட்டும் வந்திருக்கலாம்.
அதுதான் என் வேலை.
என் குரலில்தான் அவள் அதைக் கேட்டாள்.

தவணை, அடுத்த மாதம் பத்தொன்பது.

படியிறங்கும்போது அவளுடைய சட்டத்தரணி,
இளம் பிள்ளை, களைப்பில் சொன்னார்:
இந்த மனுவின் லத்தீன் பெயர்
உடலைத்தான் கேட்கிறதாம், உடலைக் கொண்டுவா என்று.
மெற்றில்டா செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னாள்:
"நான் தமிழில போட்டனான், தம்பி.
ஆளைத்தான் கேட்டிருக்கிறன்."

வேம்படியில் அந்த மான் இன்னும் நின்றது.
அதைச் சுற்றிப் போனவள்
ஏதோ நினைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினாள்.
"சைக்கிளுக்கு மணி பூட்டிப்போட்டன்.
ராவில வேலை முடிஞ்சு வரேக்க
இதுகள் குறுக்க விழும்."

இதை யாரும்
மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.