ஒருமையில்

பார்த்ததை எழுதித் தாருங்கள் என்றாள் எமெஷெ,
சட்ட உதவி மையத்துப் பெண்.
படிவத்தில் எட்டு வரிக்குத்தான் இடமிருந்தது.

கெலெதி ரயில் நிலையத்தின் அடியில்
சுரங்கப்பாதை. காலை ஐந்தேமுக்கால்.
என் ரொட்டிக் கடையின் ஷட்டரைப்
பாதிதான் தூக்கியிருந்தேன்.
அந்தப் பாதியில் தெரிந்தவை:
நான்கு பூட்ஸ்.
பிரித்து விரித்த வாழைப்பழ அட்டைப்பெட்டி.
அதன்மேல் ஒரு கம்பளி.
பூட்ஸ் ஒன்றின் முனை கம்பளியைத் தொட்டது.
உதை என்று சொல்ல முடியாது.
அடுப்பு அணைந்துவிட்டதா என்று
சாம்பலைக் கிளறிப் பார்ப்போமே,
அவ்வளவுதான்.

"எழுந்திரு."

எங்கள் மொழியில் நீ வேறு, நீங்கள் வேறு.
நாய்க்கு நீ, குழந்தைக்கு நீ, கடவுளுக்கும் நீ.
முன்பின் தெரியாத எழுபது வயதுக்காரருக்கு
நீங்கள்.
ஒன்றாம் வகுப்புக்கு முன்பே தெரிந்துவிடுகிற விஷயம்.
அந்தப் போலீஸ்காரனுக்கு இருபத்தைந்து இருக்கும்.
(அவன் என்றுதான் எழுதுகிறேன்.
என் வீரம் அந்த அளவுக்குத்தான்.)

நீல ரப்பர் கையுறை மாட்டியிருந்தான்.
எலியை வாலில் பிடிப்பதுபோல
அடையாள அட்டையை இரண்டு விரலால் பிடித்து
பாதை முழுக்கக் கேட்கும்படி வாசித்தான்:
"கொஸ்தொலா வெந்தெல்."
மூன்று குளிர்காலம் என் கடைக்கு எதிரே தூங்கிய மனிதரின் பெயர்
அப்போதுதான் எனக்குத் தெரியும்.

"உன் ராஜ்ஜியத்தைக் காலி பண்ணு, வெந்தெல்."
இரண்டாமவன் சிரித்தான்,
சிரிக்க வேண்டுமே என்று.

பையைக் கவிழ்த்தார்கள்.
ஒரு பக்கக் கம்பி இல்லாத மூக்குக்கண்ணாடி.
காலுறைகள்.
நூலக அட்டை, இன்னும் காலாவதி ஆகாதது.
ஒரு அவித்த முட்டை.

முட்டை உருண்டது.
தண்ணீர் வடிவதற்காக அந்தத் தரைக்கு ஒரு வாட்டம் உண்டு.
அந்த வாட்டத்தோடு உருண்டு
மெட்ரோவிலிருந்து ஏறிவந்த கூட்டத்துக்குள் போயிற்று.
ஒருவரும் மிதிக்கவில்லை.
குதிகால் செருப்புகள், சைக்கிளைத் தள்ளி வந்தவன்,
செல்லோப் பெட்டி சுமந்த சிறுமி,
எல்லாரும் விலகி முட்டைக்கு வழிவிட்டார்கள்.
அவ்வளவு கவனம் இருந்தது
அத்தனை பேரிடமும்.

வெந்தெல் குனிந்து காலுறைகளைப் பொறுக்கினார்.
கெஞ்சவில்லை, திட்டவில்லை.
ஜோடி பார்த்து மடித்தார்.
"சீக்கிரம்" என்றான் அவன்.
அவர் அடுத்த ஜோடியைத் தேடினார்.

கம்பளி குப்பை வண்டிக்குப் போயிற்று.
முட்டை மாலைவரை வடிகால் கம்பியோரம் கிடந்தது.
நானும் எடுக்கவில்லை.

எட்டு வரி எப்போதோ தாண்டிவிட்டது.
மீதியைப் படிவத்தின் பின்பக்கம் எழுதுகிறேன்:
பிறகு அவன் என் கடைக்கு வந்தான்.
கையுறையைக் கழற்றியிருந்தான்.
"காலை வணக்கம், அம்மா.
சீஸ் பொகாச்சா இரண்டு தருகிறீர்களா, தயவுசெய்து?"
அவன் தாய் நன்றாக வளர்த்திருக்கிறாள்.
நான் அடியிலிருந்து சூடானதாகப் பார்த்து எடுத்தேன்.
சில்லறையை எண்ணி அவன் கையில் வைத்து
மீண்டும் வாருங்கள் என்றேன்.

இன்னொன்று. இதை யாரும் கேட்கவில்லை.
ஜனவரியில், உள்ளே அடுப்பு எரிகிற என் கடைக் கண்ணாடியில்
அவர் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்.
துடைப்பக் கட்டையால் கண்ணாடியைத் தட்டி
"தள்ளிப் போ" என்றேன்.
போங்கள் அல்ல.
போ.

மறுநாள் தூணருகே நின்றிருந்தார், கம்பளி இல்லாமல்.
ஷட்டரை முழுக்கத் தூக்கினேன்.
"கொஸ்தொலா ஐயா, தேநீர் குடிக்கிறீர்களா?"

அவர் திரும்பிப் பார்த்தார்,
பின்னால் யார் நிற்கிறார்கள் என்று.

பிறகு விலை கேட்டார்.
இனாம் என்று சொல்ல வாயெடுத்து
முந்நூற்றைம்பது என்றேன்.
அவரிடம் இருநூறு இருந்தது.
ஒவ்வொரு நாணயமாக வைத்தார், தலைப்பக்கம் மேலே தெரிய.
வாங்கிக்கொண்டேன்.