பூஜ்யம் முதல் ஆறு வரை

லியபாயாவில் டிராமுக்கு ஒரே தடம்.
அதை ஓட்டும் வெல்காவிடம் படிவத்தை நீட்டினேன்:
பூஜ்யம் என்றால் தொந்தரவே இல்லை,
ஆறு என்றால் தாங்க முடியவில்லை.

திடீர்ச் சூடு?
ஜனவரியில், பனி கொட்டும் காலையில்
ஓட்டுநர் ஜன்னலை முழுக்கத் திறந்தாளாம்.
பின்னாலிருந்து யாரோ கத்த
மூடவில்லை.
“நாலு போடுங்கள்.”

தூக்கம்?
“தலையணையைத் திருப்பிப் போடுவேன்,
அந்தப் பக்கமும் நனைந்திருக்கும்.”
ஐந்து.

மறதி?
அன்று நிறுத்தத்தின் பெயர் வாயில் வரவில்லை.
சும்மா கதவைத் திறந்தாள்.
இறங்க வேண்டியவர்கள் இறங்கிவிட்டார்கள்.
மூன்றை அடித்து, ஒன்று என்றாள்.

தாம்பத்திய நாட்டம்?
“ஐவார்ஸைக் கேட்டீர்களா?”
கட்டம் காலியாகவே இருக்கட்டும்.

கூட்டினேன்: மத்திமம்.
படிவத்தால் விசிறிக்கொண்டிருந்தவள்
திருப்பித் தருமுன்
என் கழுத்தைப் பார்த்தாள்,
என் பக்கமும் இரண்டு தரம் வீசினாள்.