இருக்கலாம்

பால் பைத்தான் என்று சவரிராயன் முசியே சொன்னபோது
நான் பாலைத்தான் நினைத்தேன்.
பந்தாம் அது. பயந்தால்
தலையை நடுவில் ஒளித்துச் சுருண்டுகொள்ளுமாம்.
எனக்கென்னவோ
மீன்கூடை இறக்கியவள் கழற்றி வைத்த
சும்மாடு மாதிரித்தான் இருந்தது.

முத்தியால்பேட்டை மாடியில் முப்பத்தொரு பெட்டி.
தண்ணீர் மாற்ற, தாள் மாற்ற, எலி போட
மாதம் ஒன்பதாயிரம்.
வாழைப்பழ நிறத்தில் ஒன்று கிடக்கிறது.
மழைக்கு முந்தைய வானமாய் ஒன்று.
கண் மட்டும் நீலம், மற்றதெல்லாம்
பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவராய் ஒன்று.
அதன் விலை இரண்டு லட்சம் என்றதும்
சென்னையிலிருந்து வந்தவர்
வெளியே போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து
மறுபடி பார்த்தார்.

பதினேழாம் பெட்டிக்காரி அழகி.
உடம்பெல்லாம் சிலந்தி நூல் இழுத்த கோலம்.
தலைதான் நிற்காது.
எலிக்குக் குறிவைத்துப் பெட்டியைக் கடிப்பாள்.
அந்தக் கோலம் வந்தால் இந்த ஆட்டமும் வரும்,
ஒன்றைவிட்டு ஒன்றை வாங்க முடியாது
என்றார் முசியே.
இடுக்கியில் எலியைப் பிடித்து
அவள் ஆடுகிற பக்கமெல்லாம் நானும் ஆட்டிக்கொடுப்பேன்.
சில நாள் கால் மணி நேரம் ஆகும்.

எலியைச் சொல்லவில்லையே.
ஃபிரீசரில் ஐம்பது ஐம்பதாய்க் கட்டிக் கிடக்கும்.
அத்தனையும் வெள்ளை,
அத்தனைக்கும் சிவப்புக் கண்.
ஒன்று நாற்பது ரூபாய்.
வெந்நீரில் போட்டுக் குளிர் விடும்வரை நிற்கும்போது
ஒரு கேள்வி வரும்.
முசியேவிடம் கேட்கிற கேள்வி இல்லை அது.

குருசுக்குப்பத்தில் ஒருமுறை
என் வீட்டுக்காரர் வலையில் வெள்ளைக் கெளுத்தி வந்தது.
ஏலத்தில் அமலோற்பவம் அக்கா
ஒரு விரலால் தொட்டு, "சீக்கு மீனு" என்று
ஓரமாய்த் தள்ளிவிட்டாள்.
வீட்டில் குழம்பு வைத்தோம்.
கெளுத்தி ருசிதான்.

கார்த்திகைப் புயலன்று முசியே துலூஸில், மகள் வீட்டில்.
இங்கே ஆறு முட்டை.
தாயும் பழுப்பு, தகப்பனும் பழுப்பு.
இரண்டுக்கும் உள்ளே வெள்ளை இருக்கிறது,
நாலுக்கு ஒன்று வெளியே வரும் என்று
நோட்டில் கட்டம் போட்டுக் காட்டியிருந்தார்.
இரவு எட்டரைக்குக் கரண்ட் போனது.
விடியும்முன் இன்வெர்ட்டரும் கூவி ஓய்ந்தது.

கோழி முட்டை இல்லை, புரட்டினால் செத்துவிடும்.
மேல்பக்கம் பென்சிலால் புள்ளி வைத்து
ஒவ்வொன்றாய்த் தூக்கி
எங்கள் தெர்மகோல் மீன்பெட்டியில் இறக்கினேன்.
ஐஸ் காத்த பெட்டி
இரண்டு நாள் சூட்டைக் காத்தது.
பாட்டில் பாட்டிலாய் வெந்நீர்,
மூன்று மணிக்கொருதரம்.
சிலிண்டர் தீர்ந்து பக்கத்து வீட்டில் கடன் கேட்டேன்.
எதற்கு என்றார்கள். குழந்தைக்கு என்றேன்.

ஆறும் பொரிந்தன.
ஆறும் பழுப்பு.

"எல்லாமேவா?" என்றது தொலைபேசி.
பிறகு மரம் ஏதும் விழுந்ததா என்று கேட்டார்.
பிறகு, சீட்டு எழுதி ஒட்டு என்றார்:
அறுபத்தாறு சதவீதம், இருக்கலாம்.
மூன்றில் இரண்டுக்கு உள்ளே வெள்ளை உண்டு,
எந்த இரண்டு என்று தோலைப் பார்த்துச் சொல்ல முடியாது.
அதன் பிள்ளைகள் வந்துதான் சொல்லவேண்டும்.
மூன்று வருஷம் ஆகும். அதுவரை தீனி தண்டம்.
யாராவது கேட்டால் கொடுத்துவிடு.

சதவீதக் கணக்கு என் கைக்கு வரவில்லை.
ஆறு சீட்டிலும்
இருக்கலாம் என்று மட்டும் எழுதினேன்.

இன்றைக்கு முதல் சட்டை உரித்தார்கள்.
ஆறாவது என்னைக் கடித்தது,
முள் கீறினாற்போல. பிறகு தானே பயந்து
என் உள்ளங்கையில் சுருண்டுகொண்டது,
எலுமிச்சை அளவுச் சும்மாடு.
தலை எங்கே என்று தேடினேன்.

கிண்ணத்தில் எலிகள் இன்னும் இளகவில்லை.
வெந்நீர்தான் ஆறிக்கொண்டிருந்தது.