லாங் கேஸ்

ஆசாரிபள்ளம். பெண்கள் வார்டு, பதினேழாம் கட்டில்.
எனக்கு முக்கால் மணி நேரம்.
பெயர் வியாகுலமேரி, முப்பத்தெட்டு, குறும்பனை.
தொழில்: சருவத்தில் மீன்.

எவ்வளவு நடந்தால் மூச்சு வாங்கும் என்றேன்.
"முன்ன கருங்கல் சந்தை வரைக்கும் ஒரே வீச்சு.
பெறவு குருசடி வரைக்கும்.
இப்பம் குளிமுறிக்குப் போய் வந்தாலே
கட்டில்ல இருந்துதான் பேசணும் மக்களே."
புத்தகத்தில் இதற்கு நான்கு ரோமன் எண்கள்.
மூன்று என்று எழுதினேன்.
குருசடி என்று எழுத இடமில்லை.

ராத்திரிக்கு இரண்டு தலையணை.
இருமினால் சில நாள் ரோஸ் நிறத்தில் நுரை.
சின்ன வயதில் தொண்டை வலி, பிறகு முட்டி வீங்கி
ஆறாம் வகுப்பில் பாதி வருஷம் போயிற்று.
முட்டியில் விருந்தாளியாய் இருந்த காய்ச்சல்
வால்வில் குடியேறியது
முதல் பிரசவம் வரை யாருக்கும் தெரியவில்லை.

நாடி பிடித்தேன்.
மழை விட்ட பின் ஓலையிலிருந்து சொட்டுகிறது,
அடுத்த சொட்டு எப்போது என்று
ஓலைக்கும் தெரியாது.

நான் சொல்லும் முன்பே இடப்பக்கம் திரும்பிப் படுத்தார்.
"முழுசா விட்டுட்டு நிறுத்தணும், அப்படித்தானே?
சட்டுனு கேட்டுக்கோ. ரொம்ப நேரம் தாங்காது."

மேலே ஃபேன் கறகறக்கிறது.
ஸ்டெத்தின் மணிப்பக்கத்தை அழுத்தினேன், ஒன்றுமில்லை.
தளர்த்தினேன்.
முதல் ஒலி, கதவை அறைந்தாற்போல்.
இரண்டாவது. உடனே ஒரு சுண்டல்.
அதன் பின்னால்
ஆரல்வாய்மொழி.

ஆடி மாதம் திருநெல்வேலி பஸ்ஸில்
ஷட்டருக்கு வெளியே உறுமுமே, அதேதான்.
இரண்டு மலை நெருங்கிய இடத்தில்
காற்றுக்கு வேறு வழியில்லை.
அங்கே அது காற்றாடிகளைச் சுற்றும்.
இங்கே போக முடியாதது திரும்பி
நுரையீரலில் தேங்கும்.

மதுரையிலிருந்து வந்த தேர்வாளர்
எக்கோ தாளை நீட்டினார்.
பலூன் வைத்து விரிக்கலாமா?
இப்போது கூடாது சார், இடது ஏட்ரியத்தில் க்ளாட்.
பெயர்ந்தால்?
மூளைக்குப் போகலாம் சார்.
'குட்' என்றார், அடுத்த கட்டிலுக்கு நடந்தார்.

ஸ்டெத்தைச் சுருட்டும்போது கையைப் பிடித்தார்.
"மர்மர் எனக்கு அத்துப்படி. ஸ்நாப் தெரியும்.
ரெண்டு வருஷமா பரீட்சைக்கு வாறேன்லா.
க்ளாட்னு மட்டும் இதுவரைக்கும் யாரும் சொல்லல்ல.
அது என்னதாம் மக்களே?"

ஷார்ட் கேஸுக்கு என் எண்ணைக் கூப்பிடுகிறார்கள்.
"ஓடாம நின்னுபோன ரத்தம் அக்கா.
கரையில சொறிமீன் ஒதுங்கிக் கெடக்கும்லா, வழவழன்னு,
அதுமாதிரி ஒரு கட்டி."

கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்திருந்தார்.
"அலை வந்து எடுத்துட்டுப் போனா?"