ஏழு நாள் டப்பா

ஜெலுத்தோங் மருந்துக்கடையில்
ஐந்து ரிங்கிட் தொண்ணூறு காசு.
மாத்திரை பிரித்துவைக்கும் நீள டப்பா.
ஏழு குழி, ஏழு மூடி,
மூடிக்கு மூடி மலாயில் கிழமையின் முதல் எழுத்து.
இனிப்புநீரா, ரத்தக் கொதிப்பா என்றாள்
கல்லாவில் இருந்த பெண்.
வர்ணம் என்றேன்.
சிரிக்காமல் பத்துக் காசு மீதி தந்தாள்.

லிஃப்ட் பழுது பார்ப்பவன் பையில்
இடம் என்பதே இரவல்தான்.
ஸ்பேனர்களுக்கும் மல்டிமீட்டருக்கும் நடுவே
உள்ளங்கை அகலம் ஒழிந்து கிடந்தது.
அந்த அகலத்துக்கு அடங்கியாக வேண்டும் எல்லாம்.
தூரிகைக் காம்பை ஹேக்ஸா பிளேடால்
பாதியில் அறுத்தேன்.
உப்புத்தாளில் தேய்க்கத் தேய்க்க
முதலாம் வகுப்புப் பென்சில் வாசம்.
கழற்றிப்போட்ட பொத்தான் பலகையின் பின்தகடு,
கதவு சென்சாரில் உதிர்ந்த காந்தம் இரண்டு:
காற்றில் தாள் அசையாது.
இதெல்லாம் கம்பெனிச் சாமான்தான்,
குப்பைக்குப் போகவிருந்தது என்று
எனக்கு நானே கையெழுத்துப் போட்டுக்கொண்டேன்.

குழாயைப் பிதுக்கும்போதுதான் கணக்கு இடித்தது.
குவாஷில் வெள்ளைதான் சோறு,
மற்றதெல்லாம் தொட்டுக்கொள்ள.
ஞாயிறு ஒரு குழி வெள்ளை,
போதாது, சனியும் வெள்ளை.
திங்களில் எலுமிச்சை மஞ்சள், செவ்வாயில் சிவப்பு,
புதனில் நீலம், வியாழனில் சுட்ட மண்,
வெள்ளியில் காவி.
கறுப்புக்கு இடமில்லை.
பச்சைக்கும் இல்லை.
இந்தத் தீவில் பச்சை
கூப்பிடாமலே வந்து உட்காரும்.

குழிக்கொரு சொட்டு கிராம்பு எண்ணெய்.
பினாங்கு ஈரத்தில்
ரொட்டிக்கும் வண்ணத்துக்கும் ஒரே வேகத்தில்
பூசணம் பூக்கும்.
மூன்று நாள் என் பைக்குள்
யாருக்கோ பல்வலி.

ஆயர் ஈத்தாம். பதினேழாவது மாடி நடை.
ரிலே போர்டு எடுக்கப் பிறை போன கோக் லியோங்
பாலத்தில் ஜாம் என்று செய்தி அனுப்பினான்.
டப்பாவைத் திறந்தேன்.
தூரிகை இருந்தது, தாள் இருந்தது, துடைக்கத் துணி,
நனைத்த பஞ்சு,
தண்ணீர் இல்லை.
இத்தனை யோசித்தவன்
தண்ணீரை யோசிக்கவில்லை.
யார் வீட்டு ஏர்கானோ சொட்டிக்கொண்டிருந்தது.
பாட்டில் மூடியை ஏந்திக் காத்திருந்தேன்
பிச்சை மாதிரி.

எதிரே மலை.
அதன் தலையில் மேகம் உட்காரும் நேரம்,
வெள்ளை வேண்டும், உடனே வேண்டும்.
மூடிகளில் எஸ் இரண்டு.
சப்து என்று நினைத்துச் செலாசாவைத் தொட்டுவிட்டேன்.
மேகம் முழுக்கச் சிவப்பு.
மேலே வெள்ளை பூசினால் மறையும் என்று பூசினேன்.
குவாஷ் மறைக்கும், மறக்காது.
ஈரம் பட்டதும் அடியில் இருந்தது
எழுந்து வந்தது.

படிக்கட்டில் மூச்சு இரைத்தது முதலில்,
பிறகு இரண்டு சந்தைப் பைகள்,
பிறகுதான் மக்சிக்.
"பெலும் சியாப்?"
"சாமான் வரலை, மக்சிக்."
பைகளை இறக்கி வைத்தாள்.
கங்குங் கட்டு ஒன்று சரிந்து விழுந்தது.
என் மடியில் இருந்த தகட்டைப் பார்த்தாள்,
மலையைப் பார்த்தாள்,
மறுபடி தகட்டை.
"பத்து வருஷமா இந்தக் கதவைத் திறக்கிறேன்,
இப்படிச் சிவந்து பார்த்ததில்லை."
"என் தப்பு" என்றேன்.
எந்தத் தப்பு என்று அவள் கேட்கவில்லை.

உள்ளே போனவள்
ஒரு குவளைத் தண்ணீரோடு வந்து
சுவரோரம் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.
குடிக்கவா, தூரிகை கழுவவா,
சொல்லவில்லை.
பாதியைக் குடித்தேன்.

நாலரைக்கு ரிலே 'க்ளிக்' என்றது.
பதினேழுக்கு வந்து நின்ற லிஃப்ட்
வாயைத் திறந்து காட்டியது, காலி.
குவளையைக் கழுவி வாசலில் கவிழ்த்தேன்.
அதன் விளிம்பில்
ஒரு விரல் சிவப்பு
ஒட்டியிருந்திருக்க வேண்டும்.
பைக் சாவியை எடுக்கும்போதுதான்
கையைப் பார்த்தேன்.