பகல் தூக்கத்துக்கு ஒரு வரைபடம்

கலியமூர்த்தி கேட்டது ஒன்றுதான்:
காலை எட்டிலிருந்து மூன்று வரை
தூங்க வேண்டும்.

சிப்காட்டில் பன்னிரண்டு வருடமாக நைட் ஷிஃப்ட்.
இப்போதிருக்கும் வீட்டில்
பத்தரைக்கே தகரம் சடசடவென்று பேச ஆரம்பிக்கும்.
புரண்டு எழுந்தால்
பாயும் முதுகோடு எழுந்து வரும்.
ஒன்றரை டன் ஏசி போடச் சொன்னானாம் மச்சான்.
"கரண்டு பில்லையும் அவனே கட்டுவானா மேடம்?"

குடிகாட்டில் மனை, மூன்றேகால் சென்ட்.
நான் படித்த புத்தகம் பாலைவனத்துக்கு எழுதியது.
தண்ணீர் தெளி, காற்றை நனை என்றது.
இங்கே காற்று நனைந்துதான் வருகிறது
உப்பனாற்றின் மேலாக;
அவர் துண்டைப் பிழிந்தால் அரைச் சொம்பு தேறும்.

பென்சில் எடுத்ததும் கிழக்கே பெரிய ஜன்னல் போட்டேன்.
கடற்காற்று ஒரு மணிக்கு வரும், வரட்டும்.
அஞ்சலாட்சி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
முந்திரி எண்ணெய் தின்று கறுத்த விரலை
அந்த ஜன்னல்மேல் வைத்தாள்.
"இதுக்கும் கடலுக்கும் நடுவுல கம்பெனி இருக்குங்க."

அழித்தேன்.
வெயிலுக்கு என்னிடம் கருவி உண்டு.
ஒரு நாள் அழுகிய முட்டை,
ஒரு நாள் அழுகப்போகும் பலா,
ஒரு நாள் பெயரே இல்லாதது:
அதை எந்த அளவில் குறிப்பது?

ராத்திரி காற்று எப்பக்கம் என்று கேட்டேன்.
"மேக்கால, சவுக்குத்தோப்புலேருந்து.
பன்னண்டுக்கு மேல வரும். நல்ல காத்து.
ஆனா அவருதான் இருக்கமாட்டாரே."
இல்லாவிட்டால் என்ன என்றேன்.
சொன்ன பிறகுதான் எனக்கே புரிந்தது.

பதினாலு அங்குலச் செங்கல் சுவர்.
தளத்தின்மேல் தட்டோடு, தட்டோட்டின்மேல் சுண்ணாம்பு.
மேற்கே தாழ ஒரு ஜன்னல், எதிரே
கூரையை ஒட்டி மூன்று துவாரம்.
அவர் வண்டியைக் கிளப்பியதும்
அவள் எல்லாவற்றையும் திறந்து போடுவாள்.
பாய்லர் பக்கம் அவர் நிற்கிற எட்டு மணி நேரமும்
இங்கே செங்கல் செங்கல்லாய் ஆறிக்கொண்டிருக்கும்.
விடிந்ததும் சாத்து, கொக்கி போடு.
வந்து அவர் படுப்பது
தான் வீட்டிலில்லாத இரவுக்குள்.

எனக்கே என்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.
அஞ்சலாட்சி கேட்டாள்:
"அப்ப நாங்க?"

ஆமாம்.
மதியம் தின்ற வெயிலைத் தடித்த சுவர்
நடுராத்திரியில்தான் கக்கும்.
அவருடைய பகலுக்காக
அவளையும் இரண்டு பிள்ளைகளையும் வேகவைத்திருந்தேன்,
அதுவும் ஸ்கேல் பிடித்து, சுத்தமாக.

மூன்று வாரம் தாள் மேசையில் கிடந்தது.
நாலாவது வாரம் இன்னோர் அறை:
நாலரை அங்குலச் சுவர், மேலே நாட்டோடு,
மேற்கே முழுக்க மூங்கில் தட்டி.
பகலில் அது அடுப்பு, ஆளில்லாத அடுப்பு.
பிள்ளைகள் பள்ளியில், அவள் முந்திரிக் கொட்டகையில்.
பொழுது சாய்ந்ததும் ஆறிவிடும்,
கோபம் தங்காத ஆளைப் போல.
"ரெண்டு வூடா கட்டுறோம்?" என்றார் சகாயம் மேஸ்திரி.
ஒன்றுதான். நடுவில் நாலடி நடை.

கத்திரி உச்சத்தில் போய்ப் பார்த்தேன்.
மணி இரண்டு. வெளியே நாற்பத்தொன்று.
கனத்த அறையில் முப்பத்திரண்டரை.
முப்பத்தொன்றைத் தாண்டாது என்று சொல்லியிருந்தேன்.
ஒன்றரை டிகிரி பொய்.
கலியமூர்த்தியின் குறட்டை அதைப் பொருட்படுத்தவில்லை.
வெப்பமானியை எடுத்துக்கொண்டு
நுனிக்காலில் வெளியே வந்தேன்.

அஞ்சலாட்சி மோர் கொடுத்தாள்.
ஞாயிற்றுக்கிழமை லீவில் எந்த அறை, கேட்டேன்.
தலையை ஆட்டி நடையைக் காட்டினாள்.
வரைந்தபோது எனக்கு அது வெறும் வழி.
"நாலடியில் ரெண்டு பாய் விரியாதே."
"விரியாதுங்க" என்றாள்,
சொம்பைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே.
"ஒண்ணுதான் விரிக்கிறோம்."