கால் சுற்று

லெம்ஹை பள்ளத்தாக்கில் ஜூன் மாத ஞாயிறு.
ஊரே சர்ச்சுக்குப் போயிருந்தது.
போகாதவர்கள் இரண்டு பேர்:
நானும், நான் பேசாத ட்வைலாவும்.

நாலு வருட மடைத் தகராறு.
மேல்மடை என்னுடையது, கடைமடை அவளுடையது,
இதற்கு மேல் விளக்கம் எந்த நாட்டிலும் தேவைப்படாது.

போன செப்டம்பரில்
அவள் வயலின் வடிநீர் சாலைப் பள்ளத்தில் நின்றது.
பிக்கப் அதில் இறங்கி ஏறியது.
பின் டிரம் இரண்டும் நனைந்து,
மிதித்தேன், மிதித்தேன்,
வண்டி என்னை யாரென்று கேட்டது.
அவள் தபால்பெட்டி சாய்ந்த பிறகே நின்றது.
பணத்தைக் கவரில் வைத்து
புதுப் பெட்டியிலேயே போட்டுவிட்டு வந்தேன்.

டிரம்மைக் கழற்ற ஒரு பகல் போனது.
துருவுக்குச் சுத்தியலும் தெரியும், தீயும் தெரியும்,
இரண்டையும் பொறுத்துக்கொண்டது.
கடைசியில் ஒரு ஸ்பிரிங் தெறித்துக்
கூரைத் தகரத்தில் அடித்தது.
இன்னும் கண்டுபிடிக்கவில்லை.
ஆக்ஸிலை உருவினேன், எண்ணெய் முழங்கைவரை.
புதுத் தாங்கி, புது டிஸ்க்,
சால்மன் பழைய இரும்புக்கடையில்
நெளிந்த கார் ஒன்றிலிருந்து வாங்கிய காலிப்பர்கள்.

டிரம்முக்குக் காலை எடுத்த பின்னும்
குழாயில் கொஞ்சம் அழுத்தம் மிச்சம் இருக்கவேண்டும்.
அதைப் பிடித்து வைக்கவே ஒரு சின்ன ரப்பர் வால்வு.
டிஸ்க்குக்கு அது ஆகாது,
விட்டால் முழுசாக விடவேண்டும்,
இல்லையேல் உரசி உரசியே காயும்.
கொக்கி போட்டுத் தோண்டி எடுத்தேன்.
பட்டாணி அளவுகூட இல்லை.

அப்புறம் காற்றை வெளியேற்ற வேண்டும்.
கால் ஓரிடம், கை ஓரிடம்,
ஒற்றை ஆளால் ஆகாது.

அவள் ஆட்டுப் பட்டியில் ஊசியோடு நின்றாள்.
"ஒரு கால் வேணும்" என்றேன்.
"எதுக்கு?"
"பிரேக்குக்கு."
மிச்சமிருந்த மூன்று குட்டிகளுக்கும்
நிதானமாகப் போட்டு முடித்துவிட்டு வந்தாள்.

"மிதி."
"மிதிச்சாச்சு."
"பிடி."
திருகு கால் சுற்று. குமிழி. மூடினேன்.
"விடு."

நாலு வருடத்தில் அவளிடம் பேசியது இந்த மூன்று சொல்,
நாற்பது முறை.
ஒன்றரை பாட்டில் திரவம் தீர்ந்தது.
பெடல் இன்னும் ஈரப் பஞ்சு.

இறங்கினாள். மறுபக்கம் மல்லாந்து படுத்து
வண்டிக்கடியில் பார்த்தாள்.
"எல்டன், இந்தத் திருகு ஏன் தரையைப் பாக்குது?"
நான் பேசவில்லை.
"தண்ணி கீழ போகும், காத்து மேல போகும்.
கடைமடைக்காரிக்கு இதுகூடவா தெரியாது?"

இடத்தை வலத்திலும்
வலத்தை இடத்திலும் மாட்டியிருந்தேன்.
ஆக்ஸிலைப் பார்த்து நான் சொன்னது
இங்கே எழுதக்கூடியதல்ல.
அவள் இன்னொன்று சேர்த்துச் சொன்னாள்,
அது என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

மாற்றி மாட்டினேன். பன்னிரண்டே மிதி.
பெடல் பாதியில் கல்லாக நின்றது.

ஓட்டிப் பார்க்கும்போது அவளும் ஏறிக்கொண்டாள்,
கூப்பிடவில்லை.
பள்ளத்தில் அதே தண்ணீர். இறங்கி ஏறி மிதித்தேன்.
நின்றது.
தபால்பெட்டிக்கு இரண்டு முழம் முன்னால்.
அவள் பெட்டியைப் பார்த்தாள்,
"இன்னும் கொஞ்சம் முன்னாடியே நின்னிருக்கலாம்."

சாயங்காலம் மடைக்குப் போனேன்.
இரும்புச் சக்கரம் வெயிலில் இன்னும் சுட்டது.
கால் சுற்று திருப்பினேன்.
அதற்கு மேல் இல்லை, சட்டப்படி என் முறை
புதன்வரை இருக்கிறது.
சத்தம் கேட்கும்வரை நின்றேன்.

அந்தக் காலிப்பரில் கைபிரேக் மாட்ட வழியில்லை.
வேறு ஏதாவது பார்க்கவேண்டும்.
இப்போதைக்குப் பின் சக்கரத்தின் கீழ்
ஒரு மரக்கட்டை.